ஆய்வேட்டின் மொழி: பல்கலைக்கழகத் தமிழ் ஆய்வு மாணவர் வரலாற்றில் ஒரு பகுதி

தமிழில் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்யும் மாணவர் இன்று தம் ஆய்வேட்டைத் தமிழிலேயே எழுதுகிறார். எம்மொழியில் எழுதுவது என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுவதில்லை. பல்கலைக்கழகங்களில் தமிழாய்வு வேரூன்றிய காலத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. சங்கப் பாடலையும் சைவ வரலாற்றையும் ஆராய்ந்த முதல் தலைமுறையினர் தம் ஆய்வேடுகளை ஆங்கிலத்தில் எழுதிப் பட்டம் பெற்றனர். தமிழைப் பற்றிய ஆராய்ச்சி தமிழுக்கு வருவதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது.

பல்கலைக்கழக வரலாற்றை எழுதுவோர் துணைவேந்தர்களையும் கட்டடங்களையும் சட்டங்களையும் நிரல்படுத்துகின்றனர். தமிழாய்வு வரலாற்றை எழுதுவோர் நூல்களையும் கொள்கைகளையும் நிரல்படுத்துகின்றனர். இவ்விரு வரலாறுகளுக்கும் இடையில் ஆய்வு மாணவர் விடுபட்டுப் போகிறார். அச்சான ஆய்வேடுகளின் முன்னுரைகளும் பெரும்பாலும் நெறியாளருக்கும் நூலகத்தாருக்கும் நன்றி கூறுவதோடு நின்றுவிடுகின்றன. ஆய்வாளர் எதை இழந்து எதைப் பெற்றார் என்பதை அவை பேசுவதில்லை. ஆய்வேட்டின் மொழி மாறியதை அடிப்படையாகக் கொண்டு அவ்விழப்பையும் பேற்றையும் ஓரளவு கண்டறிய இக்கட்டுரை முயல்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் இதன் மையம். அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கேரளப் பல்கலைக்கழகமும் ஒப்பீட்டிற்காக இடம்பெறுகின்றன.

மாணவர் இல்லாத பல்கலைக்கழகம்

1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அது தேர்வு நடத்தியது, பட்டம் வழங்கியது, பாடம் சொல்லவில்லை. பாடம் கல்லூரிகளில் நடந்தது. ஆகவே அதற்குத் தேர்வர்கள் இருந்தனரேயன்றி மாணவர் என்று எவரும் இல்லை. அதன் முதல் பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பிய உரைகளையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியவர் அவர். எனினும் அப்பதிப்புப் பணி பல்கலைக்கழகத்திற்கு வெளியே அவருடைய சொந்த முயற்சியால் நடந்தது. தான் பட்டம் அளித்தவரின் தமிழ்ப் பணிக்கு இடமளிக்கும் அமைப்பு அன்றைய பல்கலைக்கழகத்தில் இல்லை.

1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை அமர்த்திக் கற்பிக்கவும் ஆராயவும் வழி செய்தது. 1914இல் இந்திய வரலாறு, தொல்லியல் துறைக்குச் ச. கிருஷ்ணசாமி ஐயங்கார் முதற் பேராசிரியரானார். தமிழுக்கு அத்தகைய இடம் உடனே கிட்டவில்லை. 1913இல் தொடங்கிய தமிழ்ப் பேரகராதிப் பணியே பல்கலைக்கழகத்தின் முதல் பெருந் தமிழாய்வுக் களமாக அமைந்தது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள் இடம்பெற்றன. அங்கு உழைத்தவர்கள் ஊதியம் பெற்ற அறிஞர்களும் பண்டிதர்களுமே. பட்டத்திற்காக ஆராய்ந்த மாணவர்கள் அல்லர். கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஓர் அங்கமாகத் தமிழ்த்துறை 1927இல்தான் தோன்றியது. பல்கலைக்கழகம் தோன்றி அப்போது எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

வித்துவானும் ஆங்கிலமும்

தமிழ் கற்பதற்கு அந்நாளில் இரு வழிகள் இருந்தன. ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்டு இளங்கலை, முதுகலை எனச் செல்வது ஒன்று. வித்துவான் முதலிய கீழ்த்திசைப் பட்டங்களின் வழியே செல்வது மற்றொன்று. யாப்பும் இலக்கணமும் காப்பியமும் கற்றவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வழியில் வந்தவர்களே. வித்துவான் தேர்வு ஆங்கிலத்தைக் கேட்கவில்லை. ஆராய்ச்சிப் பட்டம் கேட்டது. தமிழில் ஆழ்ந்த பயிற்சி உடையவர் ஆராய்ச்சியின் வாயிலில் தடைப்பட்டு நிற்க, ஆங்கிலம் அறிந்தவர் எளிதில் உள்ளே செல்லும் முரண்நிலை இதனால் உருவானது. இத்தடையைக் கடந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் நன்கு அறியப்பட்டவையே எனினும், அவற்றை ஆய்வு மாணவர் வரலாறாகப் படிப்பதில் பயன் உண்டு.

1912இல் பிறந்த மு. வரதராசன் பள்ளிக் கல்வியை முடித்ததும் திருப்பத்தூர் வட்டாட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். உடல்நலக் குறைவால் அவ்வேலையை விட்டு, கல்லூரிக்குச் செல்லாமல் தாமாகவே பயின்று, 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராகத் தேறித் திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசைப் பெற்றார். திருப்பத்தூர்ப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவாறே படித்து 1939இல் கீழ்த்திசைக் கல்வியில் இளநிலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். தமிழ் வினைச்சொற்களின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து 1944இல் கீழ்த்திசைக் கல்வியில் முதுநிலைப் பட்டமும், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வேட்டிற்காக 1948இல் முனைவர் பட்டமும் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முனைவர் பட்டம் பெற்ற முதல்வர் அவரே என்பர். வித்துவான் தொடங்கி முனைவர் வரை பதின்மூன்று ஆண்டுகள். அப்பதின்மூன்று ஆண்டுகளிலும் அவர் வகுப்பறையில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மா. இராசமாணிக்கனாரின் பாதையும் இத்தகையதே. சென்னைப் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்திலேயே பல்லவர் வரலாற்றையும் சோழர் வரலாற்றையும் தமிழில் எழுதினார். பெரியபுராண ஆராய்ச்சிக்காக 1945இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1951இல் அவருக்கு முனைவர் பட்டம் பெற்றுத் தந்த சைவ சமய வளர்ச்சி பற்றிய ஆய்வு 1964இல் ஆங்கில நூலாகத் தருமபுர ஆதீனத்தின் வாயிலாக வெளிவந்தது. தமிழில் வரலாறு எழுதிப் பழகிய கை, அதே பொருளைப் பட்டத்திற்காக ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தது. இன்று அவருடைய தமிழ் நூல்கள் மறுபதிப்புகள் கண்டு மாணவரிடம் புழங்குகின்றன. ஆங்கில நூலோ சமய வரலாற்றில் தனி நாட்டமுடையோர் மட்டுமே எடுத்துப் பார்க்கும் ஒன்றாயிற்று.

நாம் முழுநேர ஆய்வு என்று இன்று கூறுவதை இத்தலைமுறையினருள் பலர் அறியார். பள்ளி மணி அடித்த பின்னரும் கல்லூரி விடுமுறையிலும் அவர்கள் ஆராய்ந்தனர். ஆராய்ச்சி அவர்களுக்கு ஒரு பருவம் அன்று. பணிவாழ்வோடு பின்னிக் கிடந்த கூடுதல் உழைப்பு. இக்காலப் பகுதிநேர ஆய்வாளரை ஐயத்தோடு நோக்கும் வழக்கம் நம் துறைகளில் உண்டு. துறையைத் தோற்றுவித்தவர்கள் எவ்வாறு ஆராய்ந்தனர் என்பதை மறந்தோரின் வழக்கம் அது.

இயற்கை பற்றி இரண்டு ஆய்வேடுகள்

ஆய்வேட்டின் மொழி மாணவரின் அனுபவத்தை எவ்வாறு வடிவமைத்தது என்பதைக் காண்பதற்கு வாய்ப்பான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சென்னையில் மு.வ. சங்க இலக்கியத்தின் இயற்கையை ஆராய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், சிதம்பரத்தில் மற்றொருவர் அதே பொருளை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் சேவியர் தனிநாயகம் அடிகள்.

இருவரும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து ஒரே பொருளில் சந்தித்தனர். இலங்கையில் பிறந்து, ஆங்கிலவழிக் கல்வி பெற்று, உரோமையில் இறையியலில் முனைவர் பட்டம் பெற்றவர் தனிநாயகம் அடிகள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பயிற்சியுடையவர். தமிழை முறையாகக் கற்கத் தொடங்கியது 1940க்குப் பின், வடக்கன்குளத்தில் பள்ளிப் பணியில் இருந்தபோதுதான். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதுகலையும் அதன்பின் எம்.லிட். பட்டமும் பெற்றார். அவருக்கு ஆங்கிலம் கைவந்த மொழி. தமிழ் தேடி அடைந்த மொழி. மு.வ.வுக்குத் தமிழ் உயிரோடு கலந்தது; ஆங்கிலம் ஆராய்ச்சியின் பொருட்டுப் பயின்று வளர்த்துக்கொண்டது.

இவ்வேறுபாடு அவர்களுடைய நூல்களிலேயே தெரிகிறது. தனிநாயகம் அடிகளின் நூல் 1952இல் தூத்துக்குடியிலிருந்து வெளிவந்து, 1966இல் நிலமும் கவிதையும் என்று பொருள்படும் புதிய ஆங்கிலப் பெயரோடு மீண்டும் அச்சாயிற்று. கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு தமிழ்த் திணை மரபை ஒப்பிட்டு, தமிழறியாத வாசகரை முன்னிறுத்திப் பேசும் நூல் அது. மு.வ.வின் ஆய்வேடு 1957இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் ஆங்கில நூலாயிற்று. அது சங்கப் பாடல்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து, சான்றுகளை அடுக்கிச் செல்கிறது. முன்னையது பிறருக்கு அறிமுகம் செய்கிறது. பின்னையது தேர்வாளருக்கு மெய்ப்பிக்கிறது. மு.வ.வின் நூலை இதனால் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சான்றுகளின் நிறைவில் அதுவே விஞ்சி நிற்கிறது என்பது என் கருத்து. ஆயினும் எழுதுபவரின் இயல்பான குரலை அதில் கேட்க முடிவதில்லை.

அக்குரல் அதே ஆண்டுகளில் வேறிடத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. செந்தாமரை 1946இலும் கள்ளோ காவியமோ 1947இலும் வெளிவந்தன. எளிய தமிழில் பல்லாயிரம் வாசகரை எட்டிய புதினங்களையும் ஆங்கில ஆய்வேட்டையும் ஒருவரே ஒரே காலத்தில் எழுதியிருக்கிறார். புதின வாசகர்களுள் அவர் ஆய்வேட்டைக் கண்டவர் மிகச் சிலராகவே இருக்க முடியும். பழந்தமிழ் இலக்கியத்தில் இயற்கை என்னும் பெயரில் அவ்வாராய்ச்சியை அவர் பின்னர்த் தமிழில் தந்தார். தம் பொருளைத் தம் மொழிக்கு மீட்டுக்கொள்ள அவர் மீண்டும் ஒருமுறை உழைக்க வேண்டியிருந்தது.

வ.சுப. மாணிக்கனாரின் அகத்திணை ஆய்வும் இரு மொழி வடிவங்களைக் கொண்டது. சிறுவயதில் இரங்கூனுக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்று, திரும்பி வந்து பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியாரிடம் தமிழ் பயின்று மேலே வந்தவர் அவர். அவருடைய ஆய்வின் ஆங்கில வடிவமும், தமிழ்க் காதல் என்னும் தமிழ் வடிவமும் 1962இல் வெளியாயின. தமிழ்க் காதல் இன்றும் அகத்திணை பயிலும் மாணவரின் கைநூலாக விளங்குகிறது. தூய தமிழில் சொல்லாக்கத்தோடு எழுதப்பட்ட அந்நூலின் நடைக்கும் ஆங்கில வடிவத்தின் நடைக்கும் இடையிலுள்ள தொலைவை ஒப்பிட்டுப் பார்ப்பது தனி ஆய்வாகத்தக்கது. தமிழ் வடிவத்தில் வாதம் வேகம் பெறுகிறது, மறுப்பு கூர்மையாகிறது. தம்மோடு கருத்து மாறுபடக்கூடிய வாசகர் தமிழ் படிப்பவரே என்பதை ஆசிரியர் அறிந்திருந்ததே காரணம் எனலாம்.

சீட்டும் தட்டச்சும்

இன்று சங்க இலக்கியத்தில் ஒரு சொல் எங்கெங்கு வருகிறது என்பதைக் கணிப்பொறியில் நொடியில் காண்கிறோம். 1940களின் ஆய்வு மாணவரிடம் அச்சிட்ட சொல்லடைவுகூட இல்லை. சைவ சித்தாந்த மகா சமாஜம் 1940இல் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பு எல்லாப் பாடல்களையும் ஒருங்கே தந்தது பெரும் உதவி. ச. வையாபுரிப்பிள்ளை அதைப் புலவர் வரிசையில் அமைத்திருந்தார். அவர் அப்போது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவர். ஆனால் ஒரு மரத்தின் பெயரையோ பறவையின் பெயரையோ தேட வேண்டுமானால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை வரிவரியாகப் படித்துச் சீட்டுகளில் குறிப்பதைத் தவிர வழியில்லை. வி.ஐ. சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962இலும், பல்லவர் காலத்திற்கு முற்பட்ட தமிழ் நூல்களுக்கு ந. சுப்பிரமணியன் தொகுத்த அடைவு சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக 1966இலும், புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் சொல்லடைவு 1967 முதல் 1970 வரையிலும் வந்தன. அடைவு இல்லாத காலத்து ஆய்வாளர் தேடிய சொல்லோடு தேடாத நூறு செய்திகளையும் கண்டார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்த வாசிப்பின் தடம் அவர்கள் ஆய்வேடுகளில் உண்டு; சொல்தேடலால் விளையும் இன்றைய ஆய்வேடுகள் சிலவற்றில் இல்லை.

ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் நெடிற்குறியும் ற, ழ, ண எழுத்துகளுக்கு இடும் கீழ்க்கோடும் கீழ்ப்புள்ளியும் இல்லை. பேரகராதி வகுத்த ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றும் ஆய்வாளர் அவற்றைப் பேனாவால் ஒவ்வொரு படியிலும் இட வேண்டும். மேற்கோள் பாடலைத் தமிழெழுத்தில் தர விரும்பினால் தட்டச்சுப் பக்கத்தில் இடம்விட்டுக் கையால் எழுத வேண்டும். ஆங்கிலத் தொடருக்கு நடுவில் கைப்பட எழுதிய தமிழ்ப் பாடல் நிற்கும் அப்பக்கங்கள், அன்றைய ஆய்வாளரின் நிலையைக் கண்முன் நிறுத்துகின்றன.

திருவனந்தபுரத்தில்

ஆங்கிலத்தில் எழுதுவது எல்லா இடத்திலும் சுமையாகவே இருந்தது என்று கொள்வதற்கில்லை. 1937இல் தோன்றிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில், அழகப்பச் செட்டியார் அளித்த கொடையைக் கொண்டு 1944இல் தமிழ்த்துறை ஏற்பட்டது. சென்னையில் ஓய்வு பெற்ற வையாபுரிப்பிள்ளை 1951 முதல் 1954 வரை அங்குப் பேராசிரியராக விளங்கினார். அவருக்குப் பின், அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் 1957இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய வி.ஐ. சுப்பிரமணியம் துறையை வேறொரு திசையில் செலுத்தினார். 1957இல் அப்பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகமாயிற்று. 1963இல் மொழியியல் துறையும் அங்கே உருவாயிற்று.

அவருடைய ஆய்வுத் திட்டம் எளியது. ஆனால் கடும் உழைப்பைக் கோருவது. ஆய்வு மாணவர் ஒரு பழைய நூலை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் மொழியமைப்பை ஒலி முதல் தொடர் வரை விளக்க வேண்டும். முழுச் சொல்லடைவையும் சேர்க்க வேண்டும். மா. இளையபெருமாளின் ஐங்குறுநூற்று இலக்கணமும் சொல்லடைவும் 1975இல் இவ்வகையில் நூலானது. ஒரு மாணவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த மாணவர் தொடரலாம். தனித்தனி ஆய்வேடுகள் ஒன்று சேர்ந்து ஒரு மொழி வரலாறாகும் என்பதே அதன் நோக்கம்.

இங்கு ஆங்கிலம் வேறொரு பணியைச் செய்தது. அருகில் இருந்து ஆராய்ந்தவர் மலையாள மாணவர். நூலை மதிப்பிட்டவர் கன்னட, தெலுங்கு மொழியியலாராக இருக்கலாம். அவர்களுக்கு இடையில் ஆங்கிலம் அரசாங்கத்தின் மொழியாக அன்றிச் சக ஆய்வாளரின் மொழியாக இயங்கியது. தமிழ் மாணவர் தம் முடிவைத் தமிழறியாத திராவிட மொழியாய்வாளர் முன் நிறுவ வேண்டியிருந்தது. மரபின் மீது கொண்ட பற்று அங்கே சான்றாகாது. தமிழ்நாட்டிற்கு வெளியே தமிழ்த்துறைகளில் பணியாற்றுவோர் இதன் அருமையை நன்கு அறிவர். இதன் குறையையும் அறிவர். சொல்லடைவும் ஒலியன் பட்டியலும் நிறைந்த அவ்வாய்வேடுகளைத் தமிழாசிரியர் பலர் திறந்து பார்க்கவே அஞ்சினர்.

தமிழுக்கு வந்த பின்

1960களின் பிற்பகுதியில் தொடங்கி 1970களில் ஆய்வேட்டைத் தமிழிலேயே எழுதும் வழக்கம் நிலைபெற்றது. கல்லூரிகளில் தமிழ்ப் பயிற்றுமொழி பற்றிய முயற்சிகள், 1966இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் தோற்றம், 1968இன் இருமொழிக் கொள்கைத் தீர்மானம், தமிழ் முதுகலை வகுப்புகளின் பெருக்கம் ஆகியன இம்மாற்றத்தின் பின்புலம்.

இம்மாற்றத்தால் நேர்ந்த முதல் விளைவு மாணவர் யார் என்பதே மாறியது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள், தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவர்கள், உழவர், நெசவாளர், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆய்வுக்கு வந்தனர். ஆங்கிலம் என்னும் கதவு அடைபட்டிருந்தவரை இவர்களுள் பெரும்பாலோர் உள்ளே வந்திருக்க இயலாது. அவர்களோடு ஆய்வுப் பொருள்களும் வந்தன. ஊர்ப்பாடல், விடுகதை, கும்மி, தெருக்கூத்து, வட்டாரப் புதினம், சிறுகதை ஆகியவை ஆய்வேட்டுத் தலைப்புகளாயின. நா. வானமாமலை பாளையங்கோட்டையிலிருந்து 1969இல் தொடங்கிய ஆராய்ச்சி இதழ் பல்கலைக்கழகத்திற்கு வெளியே இருந்து இதற்குத் துணைநின்றது. தம் பாட்டி பாடிய ஒப்பாரியை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளலாம் என்பதே ஒரு மாணவருக்குப் பெரும் விடுதலை. அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றிருந்தால் அப்பொருள் அவர் மனத்தில் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

ஆராய்ச்சி மொழியும் உருவாக்கப்பட வேண்டியிருந்தது. கருதுகோள், நெறியாளர், ஆய்வேடு, தரவு, வாய்மொழித் தேர்வு என இன்று தயக்கமின்றிப் பயன்படுத்தும் சொற்கள் இம்மாற்றத்தோடு புழக்கத்தில் நிலைத்தவை. எனினும் மொழியோடு ஒரு வாய்பாடும் நிலைத்துவிட்டது. ஐந்து இயல்கள், ஒவ்வோர் இயலின் முடிவிலும் தொகுப்புரை, தலைப்பின் இறுதியில் தவறாது வரும் 'ஓர் ஆய்வு'. ஆய்வு என்று சொல்லாவிட்டால் அது ஆய்வாகாது போலும். எடுத்துக்கொண்ட நூலில் உள்ள செய்திகளைத் தலைப்பு வாரியாகப் பிரித்துத் தருவதே ஆராய்ச்சி என்னும் மயக்கம் பரவியதற்கு மாணவரை மட்டும் குறை கூறுவது முறையாகாது. நெறியாளர் ஒருவர்க்குக் கீழ் மாணவர் பெருகினர், நூலகங்கள் பெருகவில்லை.

மற்றோர் இழப்பும் உண்டு. ஆங்கில ஆய்வேடுகளைத் தமிழ் மாணவர் படிப்பதை விட்டனர். தமிழ் ஆய்வேடுகளைத் தமிழறியா ஆய்வாளர் படிக்க இயலவில்லை. கா. சிவத்தம்பி, க. கைலாசபதி ஆகியோர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆங்கிலத்தில் செய்த ஆய்வுகள் உலக அரங்கில் எடுத்தாளப்பட்டன. அதே தரத்தில் தமிழில் எழுதப்பட்டவை தமிழெல்லையைத் தாண்டவில்லை. மு.வ. போல இரு மொழியிலும் ஒரே பொருளை எழுதும் வழக்கம் தொடர்ந்திருந்தால் இவ்விரிசல் இவ்வளவு ஆழமாகியிருக்காது. ஆனால் அதற்குத் தேவையான இரட்டை உழைப்பை, உதவித்தொகை முடிவதற்குள் ஆய்வேட்டை ஒப்படைத்து வேலை தேட வேண்டிய மாணவரிடம் எதிர்பார்ப்பது எளிதன்று.

விதிகளின் காலம்

பல்கலைக்கழக மானியக்குழு 2009இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகள் எம்.ஃபில்., முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு நாடு முழுதும் பொதுவான வரையறையை ஏற்படுத்தின. நுழைவுத் தேர்வும் பாடப் பயிற்சியும் கட்டாயமாயின. ஆய்வேட்டை மதிப்பிடுவோருள் ஒருவரேனும் வேறு மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பிற துறைகளுக்கு இது எளிய விதி. தமிழுக்கோ, தமிழ்நாட்டு ஆய்வேட்டை மதிப்பிடத் திருவனந்தபுரம், பெங்களூரு, தில்லி போன்ற இடங்களில் உள்ள சிறிய தமிழ்த்துறைகளை நாட வேண்டிய நிலை. இரண்டு மூன்று ஆசிரியர்களே உள்ள துறைகள் பல்கலைக்கழகம் பல கொண்ட ஒரு மாநிலத்தின் ஆய்வேடுகளை எதிர்கொண்டன. மதிப்பீடு தாமதமானால் வாய்மொழித் தேர்வு தாமதமாகும். அதனால் மாணவரின் வேலைவாய்ப்பும் தள்ளிப்போகும். விதியை வகுத்தோர் எண்ணிப் பார்த்திருக்க முடியாத சங்கடம் இது.

ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன் மதிப்பீட்டு இதழொன்றில் கட்டுரை வெளியிட வேண்டும் என்னும் விதியும் 2009இல் வந்தது. எவை ஏற்கத்தக்க இதழ்கள் என்பதற்கு 2019 முதல் மானியக்குழுவின் பட்டியல் வழிகாட்டியது. தமிழ் இதழ்கள் அதில் சிலவே. அவற்றில் இடம் கிடைக்கக் காத்திருந்த மாணவர்கள் எத்தனையோ பேர். 2022இன் ஒழுங்குமுறைகள் கட்டுரைக் கட்டாயத்தை நீக்கின. 2025இல் அப்பட்டியலும் கைவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்றோருக்கு அக்காத்திருப்பு வீணானதாகவே தோன்றும்.

உதவித்தொகையின் நிலையும் சீரானதன்று. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறியவருக்குத் திங்கள் உதவித்தொகை 2010இல் 16,000 ரூபாய், 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023இல் 37,000 என உயர்த்தப்பட்டது. அத்தேர்வில் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோர்க்கு 8,000 ரூபாய் என்பது 2012க்குப் பின் உயரவில்லை. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்துவதாக அறிவிப்பு வந்தபோது தில்லியில் மானியக்குழு அலுவலகத்தின் முன் மாணவர் திரண்டு போராடினர், அத்தொகை தொடர்ந்தது. மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு அதுவும் இல்லை. தமிழாய்வு மாணவருள் பெரும்பாலோர் பயில்வது மாநிலப் பல்கலைக்கழகங்களிலேயே. எனவே பள்ளியிலும் தனியார் கல்லூரியிலும் பணியாற்றிக்கொண்டே ஆராய்வது 1940களோடு முடிந்துவிடவில்லை.

2009இன் விதிகளுள் ஒன்று ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்கச் செய்தது. ஷோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியம் அதனால் வளர்ந்தது. தமிழ் ஆய்வேடுகள் ஆயிரக்கணக்கில் அதில் உள்ளன. ஆனால் அவற்றுள் ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சானவையும், தாளிலிருந்து படமாக எடுக்கப்பட்டவையும் பல. அவற்றினுள் தமிழ்ச் சொல்லை இட்டுத் தேட முடியாது. தலைப்புகளோ உரோமன் எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டுள்ளன. 'திணை' என்பதை எத்தனை வகையாக எழுதலாமோ அத்தனை வகையிலும் தேடினாலன்றி முன்னோர் செய்த ஆய்வைக் காண இயலாது. அடைவு இல்லாத சங்க நூலில் மு.வ. தேடியதைப் போலவே, இன்றைய மாணவர் அடைவு இல்லாத ஆய்வேடுகளில் தேடுகிறார்.

எம்.ஃபில். பட்டத்தை 2022இன் ஒழுங்குமுறைகள் நிறுத்தின. 1970களிலிருந்து தமிழ் மாணவர் முதன்முதலில் நூறு பக்கத்திற்கு ஒரு வாதத்தைக் கட்டி எழுதிப் பார்த்தது அப்பட்டத்தில்தான். தமிழ்த்துறைகளில் பட்டியலிடப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் காட்டிலும் எம்.ஃபில். ஏடுகள் மிகுதி. சிற்றூர்க் கோயில், ஒரு வட்டாரத்தின் பழமொழி, மறக்கப்பட்ட எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைகள் என வேறெங்கும் பதிவாகாத செய்திகள் அவற்றில் உள்ளன. 2009க்கு முற்பட்டவற்றுக்கு மின்படி கோரப்படவில்லை. பச்சை, சிவப்பு அட்டை கட்டப்பட்டு, முதுகில் பொன்னெழுத்து மங்கிய நிலையில் அவை துறை அலமாரிகளில் இருக்கின்றன. இடம் போதாத துறைகளில் அவற்றைக் கழிப்பது பற்றிய பேச்சும் தொடங்கியிருக்கிறது.